லட்சத்தில் ஒரு பேர்

"வெள்ளின்னு அர்த்தம்னு உங்களுக்கு எப்படி மாமி தெரியும்?"

மருமகள் கேட்டதும் மாமி தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்குப் பேர் பதிய அப்பன்காரன் அப்போதுதான் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பிப் போயிருந்தான். லுஜைன். வீட்டு வழக்கப்படி அரபுப் பேர். மருமகள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அவள் அம்மா பேரும் வேண்டாம், இவன் அம்மா பேரும் வேண்டாம், எந்தப் பக்கத்துச் சண்டையும் வேண்டாம், கேள்விப்படாத பேராக இருக்கவேண்டும். அவன் யோசிக்காமல் இந்தப் பேரைச் சொன்னான். "நம்ம வீட்ல யாரையாவது இப்படிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா?" என்று வேறு கேட்டான்.

பேர்களுக்கென்றே இருக்கும் இணையதளத்தில் பார்த்தாள். 'பொருள்: வெள்ளி. லட்சத்தில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம்' என்று போட்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து மாமியிடம் பேரை மட்டும்தான் சொன்னாள், பொருளைச் சொல்லவில்லை.

"அந்த வெள்ளியா? வேண்டாம்மா, வேற வைங்க" என்று மாமி பட்டென்று சொன்னதுதான் இப்போது வில்லங்கமாகிவிட்டது.

மருமகளுக்கு வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. விசாரணைப் பிரிவு. தானே வண்டியைச் சுவரில் முட்டிவிட்டு, லாரி இடித்தது என்று வந்து நிற்பவர்களை நாலு கேள்வியில் வியர்க்க வைப்பவள். பிரசவ விடுப்பில் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் வாய் வேறு நமநமத்துப் போயிருந்தது.

"பேர் நல்லாத்தானே இருக்கு. ஏன் வேண்டாங்கறீங்க?"

"வைக்கிறது சுலபம்மா, கூப்பிட ஆள் வேணும்ல. டீச்சர் முழிப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரி அவ இஷ்டத்துக்கு ஒண்ணு சொல்லுவா. கடைசியில அந்தப் பேர் காகிதத்துலயே கிடக்கும்."

மருமகளின் புருவம் ஏறியது.

"மூணு சட்டையில ஒண்ணை எடுக்க உங்க பையனுக்கு அரை நாள் வேணும். இந்தப் பேரை மட்டும் டக்குனு சொல்றாரு. உங்களுக்கு அர்த்தமே தெரியுது. மறைக்காம சொல்லுங்க மாமி, இந்தப் பேர்ல ஒருத்தி இருக்காளா?"

மாமி நிமிர்ந்து மருமகளை ஒரு கணம் பார்த்தாள். உதட்டோரம் லேசாகத் துடித்தது. குற்ற உணர்ச்சி என்று மருமகள் குறித்துக்கொண்டாள்.

"இருக்கா" என்றாள் மாமி.

"அவருக்கு அவ மேல ஆசையா?"

"உயிரையே வெச்சிருந்தான். அவ பக்கத்துல இல்லேன்னா சோறு இறங்காது."

"எவ்வளவு நாள் பழக்கம்?"

"விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து."

"அழகா இருப்பாளா?"

"குறை சொல்ற மாதிரி இல்ல. மூக்குதான் கொஞ்சம் பெரிசு."

"என்னை விடவா அழகு?"

"அதை நான் எப்படிம்மா என் வாயால சொல்றது."

மருமகள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "கல்யாணம் ஆயிடுச்சா அவளுக்கு?"

"எப்பவோ ஆச்சு."

"அப்பாடா. இப்ப ரெண்டு பேரும் பேசிக்கறதில்லல்ல?"

"ஏன், தினம் பேசுறான்."

அவ்வளவுதான். மருமகள் போனை எடுத்தாள். சாட்சி வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அடுத்தது நம்ம டோக்கன்தான்" என்றான் அவன் உற்சாகமாக.

"எதையும் எழுத வேண்டாம். வீட்டுக்கு வாங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு."

மறுமுனையில் அவன் குரல் இறங்கியது.

"அம்மா சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"தப்பா எடுத்துக்காதே. முன்னாடியே சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் மறைச்சேன். அவ்வளவு அழகான பேரு, யாருமே கூப்பிட்டதில்ல. எனக்கும் இத்தனை வருஷமா முடியல. நம்ம பொண்ணுக்கு வெச்சாலாவது தினம் வாய் நிறையக் கூப்பிடலாம்னு ஒரு ஆசை."

மருமகள் போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. திரும்பிப் பார்த்தால் மாமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வளர்த்த லட்சணத்துக்கு வெட்கப்பட்டு அழுகிறாள், அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

"கேட்டீங்கல்ல மாமி? கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம ஒத்துக்கறாரு."

"கேட்டேம்மா. அவனை எழுதச் சொல்லு. நான் வேண்டாம்னு சொன்னது தப்பு."

"நீங்களுமா? நல்ல குடும்பம். அவ விலாசத்தைச் சொல்லுங்க. நேர்லயே போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"கேளேன், இங்கதானே உக்காந்திருக்கேன்" என்றாள் மாமி. "என்னைப் பெத்தவரு ஆசையா வெச்ச பேரு, உங்க கல்யாணப் பத்திரிகையில கூட வராத பேரு, வாயில நுழையலன்னு உன் மாமனாரு கடைசி வரைக்கும் 'இந்தா'ன்னே கூப்பிட்டுட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு."