அணைய வேண்டிய மெழுகுவர்த்தி

நன்றாகத்தான் வந்திருந்தது. நடுவில் குழி இல்லை, ஓரத்தில் விரிசல் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை அந்த மெழுகுவர்த்தியைத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடியும் உருக்கப் போட்டார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். தையல்காரர்.

அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர். அதற்குள் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் மெழுகு. நேரே நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளுமாம். பக்கத்தில், உள்ளே எண்ணெய் தடவிய ஒரு பழைய டம்ளர். அதுதான் அச்சு. டம்ளரின் வாயில் குறுக்கே, துணியில் கோடு போடும் பென்சில். திரி சாயாமல் இருக்க அதில்தான் கட்டுவாராம்.

எல்லாவற்றையும் காட்டினார். திரியை மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னினார்.

மூடிய டப்பாவைக் கண்டால் திறந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. உதடு சேரவில்லை என்றால் ‘ப’ வராது. ‘ப’ வராமல் ஒலிபெருக்கி முன்னால் போய் உட்கார முடியாது. உதட்டுக்குப் பயிற்சியாகத் தினமும் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கச் சொன்னார்கள் மருத்துவமனையில்.

கடையில் வாங்கிய மெழுகுவர்த்தி அவளைச் சட்டை செய்யவில்லை. அழுதாள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலேயே ஒன்று செய்து வைத்தார். ஊதினாள், அணைந்தது. தொலைபேசியில் குழந்தை மாதிரி சொன்னாள். ஒற்றை நூலைத் திரியாகப் போட்டிருப்பார் என்று நான் அப்போதே ஊகித்துவிட்டேன்.

இப்போது நேரில் வந்து பார்த்தால் வேறு கதை. அணைக்க அன்றும் இரண்டு மூன்று ஊதல், இன்றும் இரண்டு மூன்று ஊதல். ‘ப’ உள்ள சொற்களையே கைவிட்டிருந்தாள். பால் வேண்டுமென்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள்.

“ஊதுறதை இன்னையோட விட்டுடறேன்க்கா” என்றாள்.

எனக்கு மாப்பிள்ளை மேல்தான் கோபம் வந்தது. நோஞ்சான் திரியைப் போட்டுப் போட்டு இவளையும் நோஞ்சானாகவே வைத்திருக்கிறார். அவர் குட்டை உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேற்றைய மெழுகுவர்த்தி அலமாரியில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துவந்து மேஜையில் ஏற்றினேன். மேஜையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. முகம் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி.

தங்கையைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஊதினேன்.

ஊர்வம்பு முழுவதையும் ஒரே மூச்சில் பேசி முடிக்கும் வாய் என்னுடையது. சுடர் ஒரு கும்பிடு போட்டது. நிமிர்ந்தது.

கன்னம் உப்ப இன்னொரு முறை ஊதினேன். மறுபடியும் கும்பிடு. மறுபடியும் நிமிர்ந்தது.

மூன்றாவது முறை, முகம் கோட்டைத் தாண்டியதைத் தங்கை பார்த்துவிட்டாள். அப்போதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

தங்கை எழுந்து வந்தாள். என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ஒரு முறை ஊதினாள்; சுடர் படுத்து எழுந்தது. இன்னொரு முறை ஊதினாள். வெறும் புகை.

சூடு ஆறும்வரை அந்தத் திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரிந்த நுனியைக் கிள்ளி, நகத்தால் பிரித்தாள். இழை இழையாக வந்தது. வந்துகொண்டே இருந்தது.

சமையலறை வாசலில் மாப்பிள்ளை கையில் கரண்டியோடு நின்றார், பால் குடித்து மாட்டிக்கொண்ட பூனையாக.

“நீ அணைக்க அணைக்க ஒவ்வொரு இழையா கூட்டிட்டே வந்தேன். சொன்னா பயந்துடுவியோன்னு சொல்லலை.”

இத்தனை நாளும் அவள் இருந்த இடத்திலேயே நிற்பதாக நினைத்து அழுததை அவர் யோசிக்கவே இல்லை. திட்டத் தயாராக வைத்திருந்ததையெல்லாம் நான் விழுங்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

தங்கை திட்டுவாள் என்று நினைத்தேன். முறைக்கத்தான் செய்தாள். பிறகு தையல் இயந்திரத்துக்குப் போய், பருத்தி நூல்கண்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

“இன்னும் ஒரு இழை போடுங்க.”

உதடு ஒட்டிப் பிரிந்து, சுத்தமாக வந்தது அந்தப் ‘போ’.

மூன்று பேருக்கும் கேட்டது. மெழுகு அதிகமாகக் காய்கிறது என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை அவசரமாக உள்ளே போனார். அடுப்பை நான் முன்பே அணைத்திருந்தேன்.