உச்சியில் ஒரு வெள்ளைத்தாள்

ஊரில் துறைமுகம் வரப்போகிறது. யாரையெல்லாம் கேட்க வேண்டுமென்று திட்ட அதிகாரி சிவநேசன் ஊர்க்கூட்டம் நடந்த கூடத்தின் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார். சொல் எடுபடுகிறவர்கள் மேலே, எடுபடாதவர்கள் கீழே. அவரவர் பெயரை எழுதி ஒட்ட வேண்டும்; சம்மதமென்றால் பச்சைத்தாள், இல்லையென்றால் சிவப்பு.

புஷ்பராணி தன் பெயரைச் சிவப்பில் எழுதிக் கீழே ஒட்டினாள். பிறகு, கடலுக்குப் போய்த் திரும்பாத கணவன் செலஸ்டின் பெயரை வெள்ளைத்தாளில் எழுதி உச்சியில் ஒட்டினாள்.

“உயிரோட இருக்கிறவங்க பேரு மட்டும் போதும்மா” என்றார் சிவநேசன்.

“அவரு சொல்லித்தான் சார் இன்னைக்கும் இந்த ஊரு கடலுக்குப் போவுது.”

யாரும் சிரிக்கவில்லை.

“சரி, அவருக்குப் பச்சையா, சிவப்பா?” என்றார் அதிகாரி சலிப்போடு.

“நீங்களே கேளுங்க. அவரு வர்ற நேரந்தான்.”

முன்பெஞ்சில் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து, ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.