இரண்டு குப்பிகள்

தொடைத்தசை கிழிந்து நான்கு மாதமாகியும் பளுதூக்கும் வீரன் இளவழுதியால் காலை ஊன்றி நிற்க முடியவில்லை. ஜிம் மாஸ்டர் கொடுத்த இரண்டு ஊசிமருந்துக் குப்பிகளை டாக்டரின் மேசையில் வைத்தான். ஒன்று தசையை ஒட்டவைக்குமாம். மற்றது, தசை வளர முன்பு போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு ஊசிகளால் சுருங்கிய விரையைத் திரும்ப வேலைசெய்ய வைக்குமாம்.

"எது சார் நல்லது?"

"ரெண்டையும் எலிக்குத்தான் போட்டுப் பார்த்திருக்காங்க. மனுஷனுக்கு என்ன ஆகும்னு தெரியாது. இதை விடுங்க. முறையா வைத்தியம் பார்க்கலாம். முதல்ல எதைச் சரிபண்ணணும்?"

டிசம்பரில் மாநிலப் போட்டி. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. பக்கத்தில் மனைவி செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். கால் என்று சொல்ல வாயெடுத்தவன், "குழந்தை வேணும் சார்" என்றான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எனக்காகச் சொல்றீங்களா?"

அவளுக்காகவா, தனக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை.