இருமலுக்கு ஓர் ஒப்பாரி

“உயிரோட இருக்கிறப்பவே உனக்கு நீயே ஒப்பாரியாடி வைக்கிற?” பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசைவீட்டில் சடையப்பன் கத்தினார். பக்கத்து வீடு என்னுடையது; நடுவே ஒரு பலகைச்சுவர்தான். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

“எனக்கில்ல, என் இருமலுக்கு! நான் செத்தா வேற கட்டிக்குவேன்னீங்களே, அதுக்கு முந்தி இது சாகட்டும்!” என்றாள் அவர் மனைவி பவளாயி.

நான்கு மாத இருமல். ரயில்வே ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த மருந்து பலிக்காததும் அவள் பாட்டு வைத்தியத்தில் இறங்கினாள். தாலாட்டுப் பாடினாள், இருமல் தணிந்தது. கும்மி பாடினாள், தாளத்துக்கு இருமினாள். அன்று மார்பில் அடித்து ஒப்பாரி வைத்தாள். இருமல் நின்றுவிட்டது.

ஆத்திரத்தில் சடையப்பன் அவள் பாயை வெளியே எறிந்தார். இருவரும் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். விலக்கிவிட நானும் போனேன், வேடிக்கை பார்க்க அல்ல. வீட்டுக்குள் யாருமில்லை. உள்ளே இருமல் கேட்டது.

“இன்னும் போகலியா நீ?” என்று பவளாயி வீட்டைப் பார்த்துச் சீறினாள்.

இப்போது அவள் கிள்ளானில் தங்கை வீட்டில் கொழுகொழுவென்று இருக்கிறாள். சடையப்பன் செந்தூலுக்கு மாறி, ஆறே வாரத்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். பூட்டிய வீட்டில் தினமும் மாலை நான்கு மணிக்கு இருமல் கேட்கிறது. கும்மித் தாளந்தான். கை தட்ட இடம் விட்டு இருமுகிறது.