வேஷம் கட்டிய வாடிக்கையாளர்

“அக்கா, அவர்தான். சத்தியமா அவர்தான்.”

புகழேந்தி காதைக் கடித்ததும் கிறிஸ்டினா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். ஆம்பூர் பைபாஸில் இருக்கிற அப்துல் ஹமீத் பாயின் பிரியாணி ஹோட்டலில், பரிமாறுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேலூரிலிருந்து ஷர்மிளா மேடம் வந்திருந்தார். ஒரு வாரமாக ஒரே அமர்க்களம். ‘இன்னா வேணும்?’ என்று கேட்கக் கூடாது. ‘இல்லை’ என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. பல் தெரியச் சிரிக்க வேண்டும். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் தாடை வலி.

கடைசி நாள் பரீட்சை. வாடிக்கையாளர் வேஷத்தில் ஒருத்தர் வந்து சாப்பிட்டுப் பார்ப்பார். அவர் கை காட்டுகிற ஆள்தான் இனி ஹாலுக்கு கேப்டன். கிறிஸ்டினாவுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் கேப்டனாகி வேறு ஹோட்டலுக்கே போய்விட்டார்கள். அவள் மட்டும் இன்னும் தண்ணி ஜக்கோடு நிற்கிறாள்.

மேடத்தைத் தினமும் ஸ்டேஷனிலிருந்து பைக்கில் அழைத்து வருகிறவன் ஹோட்டல் பையன் புகழேந்தி. அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பரீட்சைத் தாளையே வெளியே விடுகிறான், திருட்டுப் பய. இருந்தாலும் நமக்குத்தானே விடுகிறான் என்று கிறிஸ்டினா மன்னித்துவிட்டாள்.

வாசலில் நின்றவருக்கு அறுபது வயசிருக்கும். கறை படிந்த லுங்கி, ரப்பர் பூட்ஸ், தோல் பதனிடுகிற ஷாப்பில் ஈரத்தோல் அலசுகிறவர்களின் அதே வாடை.

வேறு நாளாயிருந்தால் ‘பார்சலா பெரியவரே?’ என்று வாசலோடு அனுப்பியிருப்பாள். ஏசி ஹாலில் வாடை நிற்கும் என்று முதலில் சொன்னவளே அவள்தான்.

இன்று அசந்துபோனாள். வாடையைக்கூட விட்டுவைக்கவில்லையே, எங்கே பிடித்தார்களோ.

“வாங்க சார், வணக்கம்.”

பெரியவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“என்னையாம்மா?”

“உங்களத்தான் சார். ஏசி ஹாலுக்கு வாங்க.”

“வாடை அடிக்குமேம்மா.”

மடக்குக் கேள்வி. விடுவாளா கிறிஸ்டினா?

“இன்னா வாடை சார்? எனக்கு ஒண்ணும் தெரியலையே.” மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ‘இன்னா’ வந்துவிட்டதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நடு டேபிளில் உட்காரவைத்தாள். பிரியாணி வந்தது. கேட்காமலே கத்தரிக்காய் இன்னொரு கிண்ணம் வந்தது. சாப்பிடச் சாப்பிடப் பெரியவருக்குக் கண் கலங்கியது. நடிப்பு என்றால் இதுதான் நடிப்பு என்று அவளுக்குப் புல்லரித்தது.

“டீ கெடைக்குமாம்மா?”

ஹோட்டலில் டீ கிடையாது. ‘இல்லை’ என்று சொல்லவும் கூடாது. பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் வாங்கி, ஹோட்டல் கப்பில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

போகும்போது பெரியவர் அவள் தலையில் வைக்கக் கையைத் தூக்கினார். என்ன நினைத்தாரோ, லுங்கியில் துடைத்துக்கொண்டு, “நல்லா இரும்மா” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

சாயங்காலம் மேடம் எல்லாரையும் கூப்பிட்டார். கிறிஸ்டினா முன்வரிசையில் போய் நின்றாள்.

“வேஷத்துல வந்தது, ஓரத்து டேபிள்ல குழந்தையோட உட்கார்ந்திருந்தாங்களே, அந்த அம்மா.”

கிறிஸ்டினா ஓரத்து டேபிளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த டேபிளுக்கு அவள் தண்ணிகூட வைக்கவில்லை.

“கிறிஸ்டினா, தண்ணி வைக்கலன்னு அவங்களுக்கு உங்க மேல கோபம்தான். ஆனா அந்தத் தோல் ஷாப் பெரியவரை நீங்க கவனிச்சதைப் பார்த்துட்டு, கேப்டன் இவங்கதான்னு சொல்லிட்டாங்க.”

பாய் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். கிறிஸ்டினா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும் புகழேந்தியைச் சமையல்கட்டு ஓரமாக இழுத்துப் போனாள்.

“டேய், யாருடா அந்த ஆளு?”

“எங்க அப்பாக்கா.”

கிறிஸ்டினா பிடித்திருந்த அவன் கையை விட்டாள்.

“சேர்ந்ததிலேர்ந்து கூப்புடுறேன். ‘என் வாடைக்கு உள்ள வுட மாட்டாங்கடா’ன்னு வரவே மாட்டேன்னாரு. இன்னிக்குத்தான் இழுத்துட்டு வந்தேன். இப்ப போன் பண்றாரு, நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வர்றாராம்.”

புகழேந்தி தலையைச் சொறிந்தான்.

“நாளைக்கும் நான் பொய் சொல்லணுமாக்கா, இல்ல சும்மா வரச் சொல்லட்டுமா?”