எனக்கும் அதேதான்

அந்தத் தையல் கம்பெனியில் யாருக்கும் பேர் கிடையாது. தைக்கிற பாகம்தான் பேர். காலர், கஃப், பட்டன்.

மருத்துவ முகாம் ரிசல்ட்டை எல்லாருக்கும் கவரில் கொடுத்த நர்ஸ், காலரை மட்டும் தனியே உள்ளே கூப்பிட்டார். போதாதா? வெளியே வந்தவளை மொய்த்துக்கொண்டார்கள்.

"என்னவாம்?"

"ஹெச்.பி.வி. வைரஸாம். பாசிட்டிவ். லோ ரிஸ்க்குன்னு என்னவோ..." நர்ஸ் விளக்கியதில் பாசிட்டிவைத் தவிர எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை.

கஃப் மோவாயில் கை வைத்தாள். "அது புருஷன் பொண்டாட்டி சமாசாரத்துல வர்றதாச்சே! அவர்கிட்டருந்து வந்துச்சா, இல்ல..."

காலர் அழ ஆரம்பித்தாள். அவள் புருஷனுக்குக் கீழ்த்தளத்தில், பேக்கிங் செக்ஷனில் வேலை. சாயங்காலத்துக்குள் இந்தப் பேச்சு அவன் காதுக்குப் போய்விடும். அப்புறம் குடும்பம் நடத்தின மாதிரிதான்.

"என்ன கூட்டம் இங்க?"

சூப்பர்வைசர். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாத சிடுமூஞ்சி. காலர் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் படித்தாள்.

"இதுக்கா அழுகை? எனக்கும் அதேதான். நேத்தே சொல்லிட்டாங்க. இது கேன்சர்ல கொண்டு விடற வகை இல்ல. மிஞ்சிப்போனா மரு வரும், அதுக்கு வைத்தியம் இருக்கு. பெரும்பாலும் தானாவே போயிடும். வருஷக்கணக்கா உடம்புல சத்தமில்லாமக் கிடக்குமாம். யார்கிட்டருந்து, எப்ப வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாது. இத வச்சு யாரையும் சந்தேகப்படாதீங்க. போய் வேலையப் பாருங்க!"

கூட்டம் கலைந்தது. வாய் ஓயவில்லை.

"கல்யாணம் ஆகாதவளுக்கு எப்படிடி?" என்றாள் பட்டன்.

அவ்வளவுதான், காலரை எல்லாரும் மறந்தே போனார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"நமக்கு மட்டும் ஒழுக்கத்தப் பத்திப் பாடம் எடுப்பா!" என்றாள் கஃப்.

சாயங்காலம் காலர் நர்ஸிடம் போனாள்.

"அடுத்த செக்கப் எப்பன்னு சொல்லுங்க சிஸ்டர். சூப்பர்வைசரும் நானும் ஒண்ணாவே வந்துடறோம். ரெண்டு பேருக்கும் ஒரே ரிசல்ட்தானே?"

நர்ஸ் லிஸ்டை மேலும் கீழும் பார்த்தார்.

"அவங்க டெஸ்டே எடுத்துக்கலையேம்மா!"