பத்தாவது கோடு

வெடிக்காரர் பலகையில் பத்தாவது கோட்டை இழுத்துவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே போட்டார். "பத்துக் குழி, பத்து வெடி. துளை மிஷினை இறக்கலாம்."

"ஒம்பதுதான் கேட்டுச்சு," என்றான் துளைபோடுபவன். தூசிக்காக மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தான்.

வெடிக்காரர் அவனையே வெறித்தார். "மாமனார்கிட்ட பேசுறப்ப மூஞ்சியைத் தொறந்து பேசு. மரியாதை தெரியாத பய."

அவன் துண்டைக் கழுத்துக்கு இறக்கினான். "ஒம்பதுதான் மாமா. ஒண்ணு வெடிக்காம உள்ள கெடக்கு."

அந்தத் தாதுச் சுரங்கத்தில் வெடிகளை எண்ணுவது வெடிக்காரரின் வேலை. வேறு யார் எண்ணினாலும் கணக்கில் வராது. ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு எவரும் குழிப்பக்கம் போகக் கூடாது. வெடிக்காத மருந்தில் துளை ஊசி பட்டால் அள்ளுவதற்குக்கூட எதுவும் மிஞ்சாது.

"ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்," என்றார் மேஸ்திரி. "அடுத்த வரிசையைப் போடு. துறைமுகத்துல கப்பல் நிக்குது."

"கப்பல்ல நீங்களா போறீங்க?"

"நக்கலா? இப்ப நீ இறங்குறியா, வேற ஆளைப் போடவா?"

வெடிக்காரர் சிரித்தார். "காய்ச்சல்ல கெடந்த என் பொண்ணை, ஷிஃப்ட் முடியட்டும்னு போட்டுட்டு வந்தவன்தானே நீ. அவ உயிர் போனா போகுது. உன் உயிர் மட்டும் வெல்லக்கட்டியா?"

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து மருமகன் வீட்டு வாசலை மாமனார் மிதிக்கவில்லை. இருவரும் பேசிக்கொள்வது சுரங்கத்தில்தான். அதுவும் இப்படித்தான்.

மருமகன் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மேஸ்திரியின் கையில் வைத்தான். பிறகு மாமனாரின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னான். "புள்ள நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும். இந்தாளுகிட்ட மட்டும் விட்டுடாதீங்க."

துண்டை மூக்குக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினான். மிஷினுக்குக் காற்றூட்டும் கம்ப்ரசர் உறுமியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கி லாரிக்குப் பின்னால் போய் நின்றார்கள். அவர்களில் வேட்டி கட்டிய ஒருவன், "பெரியவர் பழி தீத்துக்கிட்டார்," என்று முணுமுணுத்தான்.

மருமகன் மிஷினைத் தூக்கி ஊசியைப் பாறையில் ஊன்றினான்.

வெடிக்காரர் ஓடினார். மருமகனிடம் அல்ல, கம்ப்ரசரிடம். இரண்டு கையாலும் வால்வைத் திருகி அடைத்தார். மிஷின் பெருமூச்சு விட்டு நின்றது.

மேஸ்திரி அவர் முன்னால் போய் நின்று பல்லைக் கடித்தார். "என்ன பெரியவரே விளையாட்டு இது? உங்க வேலை வேணுமா, வேணாமா? பத்தா, ஒம்பதா, சொல்லித் தொலைங்க."

வெடிக்காரர் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குக் காது கேட்டு ரெண்டு வருஷமாச்சு."